பாதுகாப்பு ஒட்டுகள்: விரைவும் சோதனையும்
(இந்திய எழுத்துமுறைகளில் பணிபுரியும் நிறுவனங்களை முன்வைத்து)

0. முன்னுரை

மொழியாய்வு நிறுவனங்களின் பணி இன்று பெரும்பாலும் கணினியைச் சார்ந்தே நடைபெறுகிறது. களஆய்வில் பதிவு செய்த பேச்சுகள், அகராதிப் பதிவுகள், தொடரடைவுகள், மொழிபெயர்ப்பு நினைவகங்கள் ஆகியன அட்டைகளில் இருந்த காலம் மாறி, அவை வட்டுகளில் சேமிக்கப்படுகின்றன. இவற்றை இயக்கும் மென்பொருள்களில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளை நீக்க, அவற்றை உருவாக்கிய நிறுவனங்கள் அவ்வப்போது சிறு நிரல்களை வெளியிடுகின்றன. இவற்றை உடனே நிறுவ வேண்டும் என்பது ஒரு கருத்து. சோதித்துப் பார்த்த பின்னரே நிறுவ வேண்டும் என்பது மற்றொரு கருத்து. இரண்டிற்கும் சான்றுகள் உள்ளன.

இக்கட்டுரை இவ்விரு கருத்துகளையும் அவற்றிற்கு அடிப்படையான நிகழ்வுகளுடன் விளக்குகிறது. இந்திய எழுத்துமுறைகளில் பணிபுரிவோர்க்கு இச்சிக்கல் தனித்த ஒரு வடிவம் கொள்வதையும், அதற்கான தீர்வில் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பங்கு உண்டு என்பதையும் எடுத்துரைப்பது இதன் நோக்கமாகும். எதைச் சோதிக்க வேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தால், சோதனைக்கு வேண்டிய காலம் வாரங்களிலிருந்து மணிகளாகக் குறையும்; அந்நிலையில் விரைவும் சோதனையும் ஒன்றுக்கொன்று பகையாகா என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. சொல்லும் பொருளும்

1.1 ஒட்டு

ஆங்கிலத்தில் 'பேட்ச்' எனப்படும் சொல் துணிக்கு இடும் ஒட்டினைக் குறிப்பது. துளையிட்ட அட்டைகளிலும் தாள்நாடாக்களிலும் நிரல்கள் எழுதப்பட்ட காலத்தில், தவறான துளைகளைத் தாள்துண்டு ஒட்டி மறைத்துத் திருத்தினர். அவ்வழக்கம் மறைந்த பின்னரும் சொல் நிலைத்துவிட்டது. தமிழில் 'திருத்தம்', 'ஒட்டு' என்னும் இரண்டும் இப்பொருளில் ஆளப்படுகின்றன. பேச்சு வழக்கில் 'பேட்ச்', 'அப்டேட்' என்பனவே மிகுதி. 'திருத்தம்' என்னும் சொல் குறை முற்றிலும் நீங்கியது என்னும் எண்ணத்தைத் தருகிறது. 'ஒட்டு' என்பதோ, பழைய துணி அப்படியே இருக்க அதன்மேல் இடப்பட்டது என்பதையும், ஒட்டிய இடத்தின் ஓரத்தில் புதிய கிழிசல் தோன்றக்கூடும் என்பதையும் உள்ளடக்குகிறது. உண்மை நிலையும் அதுவேயாதலின் இக்கட்டுரையில் 'ஒட்டு' என்பதே ஆளப்படுகிறது.

1.2 வழுவும் வழுவமைதியும்

நிரலில் உள்ள பிழையைத் தமிழ்க் கணிமையாளர் 'வழு' என்கின்றனர். இலக்கணத்திலிருந்து பெறப்பட்ட இச்சொல் பொருத்தமானது. இலக்கண உரைகள் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றாகப் பகுத்துப் பேசும். வழு எனத் தெரிந்தும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. கணினிப் பாதுகாப்பிலும் இத்தகைய ஒரு நிலை உண்டு. ஒட்டு வெளிவராத போதோ, அதை இட இயலாத போதோ, குறையுள்ள வசதியை மூடிவைத்தல், கணினியை வலையமைப்பிலிருந்து துண்டித்தல் போன்ற இடைக்கால ஏற்பாடுகளால் காலம் கடத்துகிறோம். குறை நீங்கவில்லை, அதனோடு வாழ ஒரு வரையறை செய்துகொள்கிறோம். உடனே ஒட்டுதல், காத்திருத்தல் என்னும் இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக இவ்வழி உண்டு என்பது பலரால் மறக்கப்படுகிறது.

எல்லா வழுவும் பாதுகாப்புக் குறை ஆகாது. பிறர் புகுந்து தீங்கு செய்வதற்கு வாயிலாக அமையும் வழுவே பாதுகாப்புக் குறை. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

2. காலந்தாழ்த்துதலின் இடர்

ஒட்டு வெளியிடப்படுவது குறையை நீக்குவதோடு, குறை எங்குள்ளது என்பதையும் உலகிற்கு அறிவித்துவிடுகிறது. சுவடிப் பதிப்பாசிரியர் இரு படிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காண்பதைப் போல, ஒட்டுக்கு முந்திய நிரலையும் பிந்திய நிரலையும் ஒப்பிட்டு வேறுபட்ட இடத்தைக் கண்டறிய இயலும். அவ்விடமே குறை இருந்த இடம். இவ்வொப்பீட்டைக் கருவிகொண்டு தானாகவே செய்து, தாக்குதற்குரிய உள்ளீட்டையும் சில நிமிடங்களில் உருவாக்க இயலும் என்பதைப் புரூம்லி முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் சில விண்டோஸ் ஒட்டுகளைக் கொண்டு காட்டினர். ஆகவே ஒட்டு வெளிவந்த நாளிலிருந்து, அதை இடாத கணினியின் இடர் முன்னிருந்ததைவிட மிகுகிறது.

இதற்குப் பலரும் அறிந்த சான்று 2017-இல் நிகழ்ந்தது. விண்டோஸ் இயக்குதளத்தில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த குறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-இல் ஒட்டு வெளியிட்டது. மே 12-இல் 'வான்னாகிரை' என்னும் பிணைத்தொகைத் தீநிரல் அதே குறையின் வழியாகப் பரவியது. இடையில் கழிந்தவை 59 நாள்கள். ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டன. இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவையைச் சார்ந்த அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிப்புற்றது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 இயங்கியவை. அவற்றிற்குரிய ஒட்டு மார்ச் மாதமே கிடைத்திருந்தது.

3. சோதியாது ஒட்டுதலின் இடர்

3.1 2014 ஆகஸ்டு

எழுத்துருக்களோடு பணிபுரிவோர் கருதத்தக்க நிகழ்ச்சி 2014-இல் நடைபெற்றது. ஆகஸ்டு 12-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஒட்டு, இயக்குதளத்தின் கருப்பகுதியில் எழுத்துருவைக் கையாளும் இடத்தில் இருந்த ஒரு குறையையும் நீக்குவதாக அமைந்தது. இதை இட்ட கணினிகள் சிலவற்றில் நீலத்திரை தோன்றி இயக்கம் நின்றது. மீண்டும் தொடங்கினாலும் அதுவே நிகழ்ந்தது. இயக்குதளத்திற்குரிய வழக்கமான எழுத்துருக் கோப்புறையில் அன்றி வேறிடத்தில் ஓப்பன்டைப் எழுத்துருக்களை நிறுவியிருந்த கணினிகளில் இது நேர்ந்தது. அதே நாளில் இரசிய நாணயமான ரூபிளின் குறியீட்டைச் சேர்க்கும் மற்றோர் ஒட்டும் வெளிவந்தது. ஆகஸ்டு 15-இல் இவை திரும்பப் பெறப்பட்டன. பாதுகாப்பு ஒட்டின் திருந்திய வடிவம் ஆகஸ்டு 27-இல் வெளிவந்தது.

பெரும்பாலான பயனர்க்கு எத்தீங்கும் நேரவில்லை. வழக்கத்திற்கு மாறான இடத்தில் எழுத்துரு வைத்திருந்தவர்க்கே நேர்ந்தது. ஒலிப்பியல் குறிகளுக்கும் பழைய குறியேற்றங்களுக்கும் தனி எழுத்துருக்களைத் திட்டத்திற்குரிய கோப்புறையிலேயே வைத்துக்கொள்வது மொழியாய்வுத் திட்டங்களில் இயல்பு. ஒட்டினை வெளியிடுவோர் சோதிக்கும் பொதுக் கணினியினின்றும் நம் கணினி வேறுபட்டது என்பதையே இது காட்டுகிறது.

3.2 2024 சூலை

2024 சூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. வானூர்தி நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் பாதிப்புற்றன. புதுப்பிப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. எனினும் அதற்குள் அது பரவிவிட்டது. இது குறை நீக்கும் ஒட்டு அன்று. தாக்குதல்களை இனங்காண உதவும் தரவுக் கோப்பு. ஆயினும் பிழையின் தன்மை நம் துறையினர்க்கு எளிதில் விளங்கும். ஒரு வினை ஏற்கும் பெயர்களின் எண்ணிக்கைக்குச் சட்டகம் இருப்பது போல, அக்கோப்பிற்குரிய சட்டகம் 21 உள்ளீடுகளை வரையறுத்திருந்தது. அதற்கு வழங்கப்பட்டவை 20 மட்டுமே. முன்னர் நிகழ்ந்த சோதனைகளில் 21-ஆம் இடத்திற்கு 'எதுவாயினும் ஏற்கும்' குறி இடப்பட்டிருந்ததால் முரண்பாடு வெளிப்படவில்லை. அவ்விடத்தில் முதன்முதலாக ஒரு குறிப்பிட்ட மதிப்பு இடப்பட்ட போது நிரல் இல்லாத இடத்தைப் படிக்க முயன்று நின்றது.

இதனால் பெறப்படுவன இரண்டு. சோதனை நடந்தது என்பது மட்டும் போதாது. உண்மைப் பயன்பாட்டில் வரும் உள்ளீடுகளைக் கொண்டு அது நடந்ததா என்பதே வினா. அடுத்து, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் ஒரு சிலவற்றிற்கு முதலில் அனுப்பியிருந்தால் பாதிப்பு அவற்றோடு நின்றிருக்கும்.

4. உகந்த நாள் எது?

இவ்விரு இடர்களையும் எதிரெதிரே வைத்து அளக்க முயன்ற ஆய்வு பீட்டி முதலியோர் 2002-இல் வெளியிட்டது. ஒட்டு வெளிவந்த நாளில் அது பழுதுடையதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. நாள் செல்லச் செல்ல, பிறர் இட்டுப் பார்த்துப் பழுதைக் கண்டறிந்துவிடுவதால் அவ்வாய்ப்புக் குறைகிறது. மறுபுறம், தாக்குதலுக்கு உள்ளாகும் வாய்ப்பு நாள்தோறும் ஏறுகிறது. இவ்விரு கோடுகளும் வெட்டும் இடமே உகந்த காலம். ஒட்டு வெளிவந்த 10-ஆம் நாளும் 30-ஆம் நாளும் உகந்தவை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இம்முறை இன்றும் ஏற்கத்தக்கது. ஆனால் அந்நாள்களை அப்படியே கொள்ள இயலாது. அவை 2002-க்கு முந்திய தரவினின்றும் பெறப்பட்டவை. ஒட்டினை ஒப்பிட்டுத் தாக்கும் கருவிகள் அதன்பின் பெருகிவிட்டன. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் தன் ஒட்டுகளை மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டது. இதனால் நிறுவனங்கள் தம் சோதனையை முன்கூட்டித் திட்டமிட இயன்றது. தாக்குவோரும் அவ்வாறே திட்டமிடலாயினர். 2021 நவம்பரில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு முகமை, தாக்குதலில் பயன்படுவது உறுதியான குறைகளுக்குப் பட்டியல் ஒன்றை வகுத்து, புதிதாகச் சேர்வனவற்றை இயல்பாக இரு வாரங்களுக்குள் நீக்குமாறு அந்நாட்டு நடுவணரசு அலுவலகங்களுக்கு ஆணையிட்டது. எல்லாக் குறைக்கும் ஒரே காலவரம்பு என்னும் எண்ணம் இங்குக் கைவிடப்பட்டுள்ளமை சுட்டத்தக்கது.

மேலும், பீட்டி முதலியோர் கணக்கில் ஒரு முற்கோள் அமைந்துள்ளது: காத்திருந்தால் பிறர் பழுதைக் கண்டு சொல்வர் என்பதே அது. ஆங்கிலத்தில் மட்டும் பணிபுரிவோர்க்கு இது பொருந்தும். அவரையொத்த பயனர் கோடிக்கணக்கில் உள்ளனர். கல்வெட்டுப் பாடங்களையோ கிளைமொழிப் பேச்சுகளின் ஒலிபெயர்ப்பையோ தனி எழுத்துருவில் கையாளும் ஒரு நிறுவனத்திற்கு இது பொருந்துவது அரிது. அதன் பழுதைக் கண்டு சொல்லப் பிறர் இல்லை. 30 நாள் அன்று, 300 நாள் காத்திருப்பினும் அந்தப் பழுது எங்கும் அறிவிக்கப்படாமலே இருக்கக்கூடும். காத்திருத்தலால் அத்தகைய நிறுவனம் பெறுவது சோதனையின் பயன் அன்று. தாக்குதலின் இடர் மட்டுமே.

5. எழுத்துருவே வாயிலாதல்

எழுத்துரு என்பது வெறும் படத்தொகுதி அன்று. எழுத்துகள் இணைதல், இடம்பெயர்தல், வடிவம் மாறுதல் ஆகியவற்றிற்கான விதிகளைக் கொண்ட தரவு அது. அவ்விதிகளைப் படித்துச் செயற்படுத்தும் நிரலில் குறை இருப்பின், எழுத்துருக் கோப்பே தாக்குதலுக்குக் கருவியாகிவிடும்.

5.1 2011: புடாபெஸ்டைச் சேர்ந்த கிரைசிஸ் ஆய்வகம் கண்டறிந்த 'டூக்கு' என்னும் தீநிரல், வேர்டு ஆவணம் ஒன்றில் பொதிக்கப்பட்ட ட்ரூடைப் எழுத்துருவின் வழியாகக் கணினியின் கருப்பகுதிக்குள் புகுந்தது. மைக்ரோசாப்ட் நவம்பர் 3-இல் ஓர் இடைக்கால ஏற்பாட்டை அறிவித்தது. பொதிக்கப்பட்ட எழுத்துருக்களைக் கையாளும் கோப்பினை அணுகவிடாமல் தடுப்பதே அது. ஒட்டு டிசம்பர் 13-இல் வெளிவந்தது. இடைப்பட்ட 40 நாள்களில் அவ்வேற்பாட்டைக் கைக்கொண்டவர்க்குப் பொதிக்கப்பட்ட எழுத்துருக்களை நம்பிய ஆவணங்கள் சரிவரத் தோன்றா. ஒலிபெயர்ப்பு ஆவணங்களை எழுத்துருப் பொதிந்து பரிமாறிக்கொள்ளும் ஆய்வாளர் கொடுத்தாக வேண்டிய விலை அது. மேலே கூறிய வழுவமைதிக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

5.2 2015: சூலை 20-இல், மாதாந்திர முறைமைக்குப் புறம்பாக, ஓப்பன்டைப் எழுத்துருவைக் கையாளும் பகுதிக்கு மைக்ரோசாப்ட் ஒட்டு வெளியிட்டது. தாக்கும் முறை முன்னரே பொதுவில் கசிந்துவிட்டதால் ஆகஸ்டு 11 வரை காத்திருக்க இயலாத நிலை. எழுத்துருவைத் தொடும் ஒட்டு என்பதால் நாம் மிகவும் அஞ்சவேண்டிய ஒட்டும், தாக்குதல் அணுகிவிட்டதால் மிகவும் விரைந்து இடவேண்டிய ஒட்டும் ஒன்றாகவே அமைந்தது. இச்சிக்கலின் முழுவடிவம் இதுவே.

5.3 2018: பிப்ரவரி மாதம், தெலுங்கு எழுத்துத் தொடர் ஒன்று ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளைச் செயலிழக்கச் செய்வது வெளியாயிற்று. 'ஜ', மெய்யாக்கும் குறி, 'ஞ', இணைப்பைத் தடுக்கும் அகலமற்ற குறி, 'ஆ'காரக் குறி என ஐந்து கூறுகள் அடுத்தடுத்து வருவதே அத்தொடர். இதைக் கொண்ட செய்தியைத் திரையில் காட்ட முயன்ற செயலி நின்றுவிடும். வேறு சில இந்திய எழுத்துமுறைகளிலும் இதையொத்த தொடர்கள் அதே விளைவைத் தந்தன. பிப்ரவரி 19-இல் ஆப்பிள் இதற்கு ஒட்டு வெளியிட்டு, நினைவகச் சிதைவுக்கு இடந்தரும் பாதுகாப்புக் குறையாகவே அதைப் பதிவு செய்தது.

கூட்டெழுத்தை அடுத்து இணைப்புத் தடைக் குறியும் உயிர்க்குறியும் வருமாயின் எழுத்தின் அமைப்பை எவ்வாறு பகுப்பது என்பது எழுத்தியல் வினா. இந்திய எழுத்துமுறைகளை அறிந்த ஒருவர் சோதனைத் தொடர்களை வகுத்திருப்பின், மெய்ம்மயக்கம், ஒட்டுக்குறி, உயிர்க்குறி ஆகியவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் வரிசைப்படுத்துவது அவர் முதலில் செய்யும் பணியாக இருந்திருக்கும். இது நிரலாளர் குறை மட்டும் அன்று. மொழியியலார் தம் அறிவைச் சோதனைத் தரவாக வடித்துத் தராத குறையும் ஆகும்.

6. ஒரு பட்டறிவு

இக்கட்டுரையாளர் முன்னர்ப் பங்குகொண்ட கிளைமொழி அகராதித் திட்டம் ஒன்றில் நேர்ந்ததை இங்குக் குறிப்பிடலாம். ஒலிபெயர்ப்புக்கென உருவாக்கிய எழுத்துரு திட்டக் கோப்புறையிலேயே இருந்தது. எழுத்துருக்களால் கணினிகள் நின்றுபோன செய்தியைக் கேள்வியுற்ற நாங்கள், எல்லாக் கணினிகளிலும் ஒட்டுகள் தாமாக நிறுவப்படுவதை நிறுத்திவைத்தோம். சோதித்த பின் இடுவோம் என்பதே எண்ணம். யார் சோதிப்பது, எதைச் சோதிப்பது என்று எங்கும் எழுதப்படவில்லை. 'பிறகு' என்பது ஈராண்டுகளுக்கு மேல் நீண்டது.

ஒரு திங்கட்கிழமைக் காலையில் பதிவுக் கோப்புகள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. காப்புநகல் வைத்திருந்த வெளிவட்டு அதே கணினியில் செருகியபடியே இருந்ததால் அதுவும் பறிபோயிற்று. தீநிரல் புகுந்த குறைக்கு ஒட்டு ஏழு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. கையெழுத்து அட்டைகள் அலுவலக அலமாரியில் இருந்தமையால் தலைச்சொற்களையும் பொருளையும் மீண்டும் உள்ளிட முடிந்தது. மீனவர் குப்பங்களில் பதிவு செய்த பேச்சுகளில் ஒரு பகுதிக்கு வேறு படி இல்லை. அவற்றைப் பேசிய முதியோருள் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

புதிய கணினிகளை அமைத்த போது, அதுவரை வெளிவந்த ஒட்டுகள் அனைத்தையும் ஒன்றில் மட்டும் இட்டு எங்கள் எழுத்துருவைச் சோதித்தோம். வழக்கமான எழுத்துருக் கோப்புறைக்கு மாற்றிய பின் அது குறையின்றி இயங்கியது. அச்சோதனைக்கு ஆனது அரை நாள். ஈராண்டுகள் நாங்கள் அஞ்சியது அந்த அரை நாள் வேலைக்கே.

7. சோதனைப் பனுவல்

சோதனையைக் காலந்தாழ்த்தச் செய்வது அதன் வரையறையின்மை. எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் எனக் கருதுவோர் எதையும் சோதிப்பதில்லை. ஆதலின் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணிக்கேற்ற சோதனைப் பனுவல் ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நான்கைந்து பக்கங்களில் அமையும் இப்பனுவலில் இடம்பெறத் தக்கனவற்றுள் சில வருமாறு:

(அ) 247 எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும். 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியன தனியே. 'ஸ்ரீ' என்பதன் முதலெழுத்து ஒருங்குறியில் இருவகையாக உள்ளிடப்படுகிறது. 2005-இல் தனியொரு சகர எழுத்து சேர்க்கப்பட்ட பின் இவ்வேறுபாடு தோன்றியது. இரண்டும் பனுவலில் இருத்தல் வேண்டும்.

(ஆ) 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றை ஒற்றைக் குறியாகவும் இரட்டைக் குறிகளாகவும் உள்ளிட்ட வடிவங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் தேடலில் இவை வேறுபடக்கூடும். 'ஔ' என்பதையும் 'ஒ', 'ள' என்னும் இரண்டின் சேர்க்கையையும் வேறுபடுத்தும் சொற்களும் இவ்வகையின.

(இ) தமிழ் எண்களும் அளவைக் குறிகளும். 2019-இல் வெளிவந்த ஒருங்குறி 12-ஆம் பதிப்பு தமிழ்ப் பின்னங்கள் உள்ளிட்ட 51 குறிகளைத் தனித்தொகுதியில் சேர்த்தது. பழைய எழுத்துருக்களில் இவை இரா.

(ஈ) பன்னாட்டு ஒலியியல் குறிகள். குறிப்பாக, ஓரெழுத்தின்மேல் இரண்டு துணைக்குறிகள் அடுக்கி வருவன.

(உ) தமிழ், தெலுங்கு, தேவநாகரி, உரோமன், அரபு ஆகியன ஒரே வரியில் கலந்து வரும் தொடர்கள், 5.3-இல் கூறிய வகைச் சேர்க்கைகள்.

(ஊ) ஒருங்குறிக்கு முந்திய கோப்புகள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களிலும் பிறவற்றிலும் உள்ள ஒவ்வொரு கோப்பு. அவற்றை மாற்றும் கருவியின் வெளியீடு.

(எ) அகரவரிசைப்படுத்தல், தேடல், மாற்றீடு, அச்சிடல் ஆகிய நான்கு செயல்களும்.

பனுவலைவிட இன்றியமையாதது, சரியான விளைவினை முன்கூட்டியே பதிந்து வைத்தல். ஒட்டுக்கு முன் அச்சிட்ட பக்கமும், வரிசைப்படுத்திய பட்டியலும் கையில் இருப்பின், ஒட்டுக்குப் பின் ஒப்பிடுவது மெய்ப்புத் திருத்தும் வேலையே. கணினியறிவு மிகாத ஆய்வு உதவியாளரும் இதை ஒரு முற்பகலில் செய்து முடிப்பார்.

8. முடிவெடுக்கும் முறை

சோதனைப் பனுவல் ஆயத்தமாக இருக்குமாயின், ஒட்டுகளைப் பின்வருமாறு வகைப்படுத்திக் கையாளலாம்.

தாக்குதல் நடைபெறுவது உறுதியான குறையாயின், ஒரு கணினியில் அன்றே ஒட்டினை இட்டுப் பனுவலைச் சோதித்து, பழுதின்மை கண்டு, அன்று மாலைக்குள் ஏனையவற்றிலும் இடுதல் வேண்டும். பழுது தோன்றின் ஒட்டினைக் கைவிடுதல் கூடாது. பழுதுற்ற பணிக்குரிய ஒரு கணினியை மட்டும் வலையமைப்பிலிருந்து துண்டித்துப் பழைய நிலையில் வைத்துக்கொண்டு, பிறவற்றில் ஒட்டினை இடலாம். கடுமையான குறை, ஆனால் தாக்குதல் அறியப்படவில்லை எனின் முதல் கணினியில் சில நாள் பயன்படுத்திப் பார்த்து ஒரு வாரத்திற்குள் முடிக்கலாம். மற்றவற்றை மாதத்திற்கு ஒரு முறை தொகுத்து இடலாம். பாதுகாப்போடு தொடர்பில்லாத புதிய வசதிகளைக் கொணரும் புதுப்பிப்புகளுக்கு எவ்விரைவும் வேண்டா. இவற்றின்மீது கொண்ட வெறுப்பினால் பாதுகாப்பு ஒட்டுகளையும் சேர்த்து நிறுத்திவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு.

எந்த வகையாயினும், ஒட்டு இடுவதற்கு முன் காப்புநகல் எடுத்து, அவ்வட்டினைக் கணினியினின்றும் கழற்றி வைத்தல் வேண்டும். ஒட்டே வெளிவராத கணினிகளும் உள. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றது. பழைய எழுத்துருக் கருவிக்காக அத்தகைய கணினியை வைத்திருப்போர் அதை வலையமைப்பில் இணைக்காமல் பயன்படுத்துவதே முறை.

9. அறிவிப்புகளை மொழிபெயர்த்தல்

மேற்கூறிய வகைப்பாடு அறிவிப்பைச் சரியாகப் படிப்பதைப் பொறுத்தது. பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் தருவோர் மூன்று இடங்களில் கருத்தூன்ற வேண்டும்.

முதலாவது, '-லாம்' ஈறு. இது தமிழில் இசைவையும் குறிக்கும், நிகழக்கூடுமையையும் குறிக்கும். 'இக்குறையின் வழியாகக் கணினி தாக்கப்படலாம். இவ்வொட்டினை நிறுவிக்கொள்ளலாம்' என்னும் தொடர்களில் முதலாவது கூடுமை, இரண்டாவது இசைவு. படிப்பவர் இரண்டையும் 'விரும்பினால்' என்னும் பொருளிலேயே கொள்வதற்கு இடமுண்டு. 'நிறுவுதல் வேண்டும்' என விதியாகவே எழுதுதல் தகும். தாக்குவோரின் ஆற்றலைக் கூறுமிடத்து 'இயலும்' என்பதே ஏற்றது.

இரண்டாவது, தாக்குதலின் வாய்ப்பைக் குறிக்கும் தரவரிசை. மைக்ரோசாப்ட் 2008 அக்டோபர் முதல் இத்தகைய குறியீட்டை அறிவிப்புகளில் தந்து வருகிறது. தாக்குதல் கண்டறியப்பட்டது, தாக்குதலுக்கு வாய்ப்பு மிகுதி, வாய்ப்புக் குறைவு, வாய்ப்பு அரிது என நான்கு நிலைகள் அதில் உள்ளன. முதலாவது நிகழ்ந்ததைக் கூறுவது. ஏனைய மூன்றும் மதிப்பீடு. முதலாவதை 'தாக்கப்படக்கூடும்' என மொழிபெயர்த்தால், அன்றே இடவேண்டிய ஒட்டு மாதாந்திரத் தொகுப்பில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, தணிக்கும் சூழ்நிலையும் இடைக்கால ஏற்பாடும். முன்னது, ஒரு கணினியின் அமைப்பில் ஏற்கனவே இருந்து இடரைக் குறைப்பது. பின்னது, ஒட்டு இடும் வரை நாம் செய்ய வேண்டியது. இரண்டையும் 'தற்காலிகத் தீர்வு' என ஒரே தொடரால் குறிப்பது தவறு. செய்ய வேண்டியதை, தானாகவே அமைந்துள்ளது எனப் படிப்பவர் கருதிவிட நேரும்.

10. முடிவுரை

காலந்தாழ்த்துதலும் சோதியாது ஒட்டுதலும் ஒருங்கே இடர் தருவன. இவற்றிற்கு இடையே ஒரு பொதுவான நாளைத் தேடுவது, குறையின் தன்மைக்கும் நிறுவனத்தின் பணிக்கும் ஏற்ப விடை மாறுவதால், பெரும்பயன் தராது. பிறர் சோதித்துச் சொல்வர் எனக் காத்திருத்தல், நம் எழுத்துகளையும் குறிகளையும் பிறர் சோதிக்காத நிலையில் பொருளற்றது. சோதனைக்கு வேண்டிய காலத்தைக் குறைப்பதே நாம் செய்யக்கூடியது. அதற்குக் கருவி சோதனைப் பனுவல். அதை வகுக்கும் அறிவு எழுத்தியலிலும் ஒலியியலிலும் பதிப்பியலிலும் பயிற்சி பெற்றோரிடமே உள்ளது. ஒவ்வொரு துறையும் தன் பனுவலை ஒரு வாரத்தில் உருவாக்கிவிட இயலும். நிறுவனங்கள் அவற்றைத் தம்முள் பகிர்ந்துகொள்ளுமாயின், இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான சோதனைத் தொகுப்பு ஒன்று உருவாகும். அதை மென்பொருள் நிறுவனங்களுக்கும் வழங்கலாம். அந்நிலையில் 2018-இல் நேர்ந்தது போன்ற பழுதுகள் நம் திரைக்கு வருமுன்னரே களையப்பட வழி ஏற்படும்.